மளிகைக் கடைக் கட்டிடத்தை இடிக்காமல் சுண்ணாம்பு முறையில் பழுதுபார்க்க வேண்டி மனு

அனுப்புநர்: தெருவாசிகள், சுண்ணாம்புக் கொத்தனார்கள்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், புதுச்சேரி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஒரே குடும்பத்தார் தலைமுறைகளாக நடத்திவரும் எங்கள் தெரு மளிகைக் கடையை இடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகியபோதும் இதே இடத்தில்தான் வியாபாரம் நடந்தது. கீழே திண்ணையும் தாழ்வாரமும் தமிழ் முறை. மாடியில் வளைவுச் சன்னலும் ஒட்டுத்தூணும் பிரெஞ்சு முறை. கடை முகப்பில் இன்றும் எண் போட்ட பலகைக் கதவுதான். மாதப் பற்றில் சாமான் வாங்கும் வீடுகள் இன்னும் உண்டு.

கட்டிடம் தளர்ந்ததற்கு வயது காரணமல்ல. பழைய தாரைச் சுரண்டாமல் மேன்மேலும் தார் போட்டதில் வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே ஏறி, பலகைகள் இறங்கும் காடி ஊறி உப்புகிறது. சுண்ணாம்புச் சுவரின் அடியில் யாரோ சிமென்ட் பூசியிருப்பதால் ஈரம் காய வழியின்றி மேலேறி, பூச்சுக்கு மேலே உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. உப்பு மூட்டை சாத்தியிருந்த சுவரில் இது இன்னும் மோசம். அடியில் பலகை போட்டும் பருப்பு மூட்டையில் பூஞ்சை பிடிக்கிறது.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்திக் கோணலாகப் பதித்து, அதற்குமேல் சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதித்தது. ஒழுகினால் முதலில் மக்குவது சுவருக்குள் இருக்கும் கட்டை முனைதான். நடுப்பகுதி பெரும்பாலும் திடமாகவே இருக்கும். முனையைக் கோணூசியால் குத்திப் பார்த்து, ஊசி எளிதில் இறங்கினால் முட்டுக்கொடுத்து அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம். மேலே சிமென்ட் தளம் போட்டால் பாரமும் கூடும், ஈரமும் உள்ளேயே தங்கும்.

2014 நவம்பர் மழையில் மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டிடம் இடிந்ததால் எழுந்த அச்சம் நியாயமானதே. ஆகவேதான் சோதனை கேட்கிறோம். வைசியாள் வீதியில் பழைய வீடுகளின் முகப்புகள் புதுப்பிக்கப்பட்டதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது.

இடிப்பை நிறுத்தி, சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த பொறியாளரை அனுப்ப வேண்டுகிறோம். தாரைச் சுரண்டித் தெருவை வாசற்படிக்குக் கீழே இறக்கியே மறுபடி சாலை போட வேண்டும். இது நடக்காமல் சுவரைப் பூசுவது வீண்செலவு. பாகஸ்தர்கள் சிலர் பிரான்சில் இருப்பதால், கடை நடத்துபவரின் கையொப்பத்திலேயே பழுதுபார்க்க அனுமதி தர வேண்டும். சுண்ணாம்பு மெதுவாக இறுகும். தை மாதம் வேலை தொடங்கினால்தான் அடுத்த ஐப்பசி மழைக்குள் கூரை தாங்கும்.

இப்படிக்கு,
தெருவாசிகள், கொத்தனார்கள்