சாட்சி முடியும் இடத்தில் தொடங்கும் சீடத்துவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் அவ்வப்போது வெளிவரும் கிறிஸ்தவச் சாட்சிகளைத் தவறாமல் படித்து வருகிறேன். குடியை விட்டொழித்தவர், தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்டவர், வியாபாரம் நொடித்துப்போன வேளையில் ஆண்டவரைக் கண்டுகொண்டவர் எனப் பலருடைய அனுபவங்கள் அதில் இடம்பெறுகின்றன. அவற்றின் உண்மையை நான் ஐயுறவில்லை. ஆயினும் ஏறத்தாழ எல்லாச் சாட்சிகளும் அந்த மனிதர் மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்ற நாளோடு நின்றுவிடுகின்றன. மத்தேயு நற்செய்தியின் இறுதி வசனங்களில் இயேசு கிறிஸ்து கொடுத்த கட்டளையோ அந்த நாளைத் தாண்டிச் செல்கிறது. சீடராக்கி ஞானஸ்நானம் கொடுங்கள் என்றவர், தாம் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி உபதேசம் பண்ணுங்கள் என்றும் தொடர்ந்து சொல்லியிருக்கிறார். முதற்பாதி ஒரே நாளில் நிறைவேறிவிடும். பிற்பாதிக்கு ஓர் ஆயுள் வேண்டும்.

விசுவாசம் ஒருவருடைய வாழ்க்கையை மாற்றியிருக்கிறதா என்பதை அவருடைய வாயிலிருந்து மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்பதே என் கருத்து. அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்கள்தான் அதைச் சொல்ல வேண்டியவர்கள். எரிகோவின் தலைமை ஆயக்காரனாகிய, அதாவது வரி வசூலிப்போரின் தலைவனாகிய சகேயுவை எடுத்துக்கொள்வோம். இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது அவன் எழுந்து நின்று சொன்னது உருக்கமான பேச்சன்று, ஒரு கணக்கு. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் அதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துவதாகவும் அவன் அறிவித்தான். தான் செய்த குற்றத்தைத் தானே அறிக்கையிடுபவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம். திருடிய ஆட்டை அடித்தோ விற்றோ தீர்த்துவிட்டவனுக்கு யாத்திராகமம் விதிக்கும் தண்டனைதான் நாலு மடங்கு. எவரும் வற்புறுத்தாமலே, தனக்குரிய சலுகையை விட்டுவிட்டுத் திருடனுக்குரிய அளவை அவன் தன்மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவன் சொன்னபடி செய்தானா என்பது, அவனிடம் வரி கட்டி நொந்துபோன எரிகோ மக்களுக்குத் தெரியாமல் போயிருக்க முடியாது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இயேசுவைப் பார்ப்பதற்காக அவன் ஏறிய காட்டத்தி மரம் நன்றாக நினைவிருக்கிறது. அவன் திருப்பிக் கொடுக்க முன்வந்த பணம்தான் பெரியவர்களுக்கே மறந்துவிடுகிறது. பிரசங்கங்களில் பாவமன்னிப்பைப் பற்றி நிறையக் கேட்கிறோம். ஏமாற்றி வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிக் கேட்பது அரிதாகிவிட்டது.

இப்படிச் சொன்னால், நற்கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. சகேயு பணத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்கப்போவதாக அறிவித்துவிட்டார். கிருபை முந்திக்கொண்டது, கணக்கு அதன் பின்னால் வந்தது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் வைத்திருக்கும் வரிசையும் இதுவே.

மறுபக்கத்தில், மனந்திரும்பிய மறுநாளே மனிதர் முற்றிலும் மாறிவிடுவார் என்று நம்புவதும் தவறு. இங்கிலாந்தைச் சேர்ந்த மாலுமியான ஜான் நியூட்டனின் வாழ்க்கை இதில் நமக்குச் சங்கடமான ஒரு பாடம். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கி, கப்பலுக்குள் நீர் புகுந்துகொண்டிருந்த வேளையில், அவர் கடவுளிடம் இரக்கத்துக்காக மன்றாடினார். அந்த நாளைத் தம் ஆயுள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான், 1750 முதல் 1754 வரை, அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு மூன்று பயணங்களில் தலைவராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில், கடத்தி வரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். 1754இல் அவர் கடற்பயணத்தை நிறுத்தியதுகூட மனசாட்சி உறுத்தியதால் அன்று, உடல்நலம் குன்றியதால். 1764இல் குருவானவரானார். அடிமை வணிகத்தின் கொடுமைகளை விவரித்து, அதில் தமக்கிருந்த பங்கை ஒப்புக்கொண்டு அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டது 1788இல். இடையில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதைக் கொண்டு அவருடைய மனமாற்றமே பொய் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அடிமை வணிகத்தைத் தடை செய்யப் பாராளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸுக்கு ஆன்மிக ஆலோசகராக நின்று, பாராளுமன்றப் பதவியை விட்டு விலகாதிருக்கும்படி அவரைத் திடப்படுத்தியவர் இதே நியூட்டன்தான். எனினும், வளர்ச்சி மெதுவாகத்தான் வரும் என்று எளிதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அந்த மூன்று பயணங்களில் விற்கப்பட்டவர்களுக்கு 1788ஆம் ஆண்டின் நூலால் ஒரு பயனும் இல்லை. தொழிலை நடத்திய காலத்தில் அது முறையற்றது என்ற எண்ணமே தமக்கு எழவில்லை என்று அவரே பின்னர் எழுதினார். சுற்றியிருந்த சமூகம் அதை மதிப்பான தொழிலாகக் கருதியது. ஜெபிக்கிறீரே, உமது காலடியில் கிடப்பவர்கள் யார் என்று அவரைக் கேட்கும் சபை அவருக்கு வாய்க்கவில்லை.

கேட்பதற்கு ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, அதே நூற்றாண்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி பிரிஸ்டல் நகரில் நடத்திய சங்கம் சான்று. 1742இல் அங்கே பேசப்பட்டது சீடத்துவம் அன்று, ஆலயக் கட்டடக் கடன். ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு பென்னி தருவது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகச் சென்று அதை வசூலிப்பது என்று முடிவாயிற்று. அப்படிப் போனவர்களில் ஒருவர், தாம் சென்ற வீட்டுக்காரர் மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்ததாக வந்து சொன்னார். இன்னொருவர் தாம் பார்க்கப் போனவர் குடிபோதையில் இருந்ததாகத் தெரிவித்தார். ஆராதனையில் அமர்ந்திருந்தபோது தெரியாத செய்திகள், வீட்டு வாசலுக்குப் போனதும் தெரிந்துவிட்டன. வெஸ்லி அதைப் பற்றிக்கொண்டார். காசு வசூலிக்கத் தொடங்கிய ஏற்பாடு, வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் விசாரித்துத் திருத்திக்கொள்ளும் சிறு குழுக்களாக மாறி, மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கூடும் இன்றைய பெரிய சபைகளில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று மூப்பர்கள் யோசிக்க வேண்டும். காணிக்கை வசூலிக்கும் ஏற்பாடு மட்டும் எங்கும் குறைவில்லாமல் நடக்கிறது.

விசாரிப்பது ஆதிக்கமாகத் திரிந்துபோகும் ஆபத்தும் உண்டு. சீடத்துவப் பயிற்சி என்ற பெயரில் ஒருவருடைய திருமணம், வேலை, சேமிப்பு அனைத்தையும் தலைவர்களே தீர்மானிக்கும் குழுக்களும் இருக்கின்றன. அவற்றை நான் ஆதரிக்கவில்லை. கேள்வி இரு திசையிலும் போக வேண்டும். யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடமிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டபோது, அந்தியோகியாவில் எல்லாருக்கும் முன்பாகப் பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபம் கூறுகிறது. தரிசனம் கண்டு, புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வீட்டுக்குப் போன அப்போஸ்தலனுக்கே அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டதென்றால், எந்தப் போதகரும் தம்மைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராகக் கருத இடமில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். சாட்சிகளை வெளியிடுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒருவர் மனந்திரும்பிச் சில ஆண்டுகளாவது கழிந்த பிறகு அவருடைய சாட்சியைக் கேட்டு வாங்குங்கள். கூடவே அவருடைய மனைவியோ கணவரோ, அவரிடம் வேலை செய்பவரோ, அவருக்குக் கடன் கொடுத்தவரோ, யாராவது ஒருவருடைய சொற்களையும் அவருடைய பேச்சுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரின் சாட்சியைச் சற்றுக் காத்திருக்க வைப்பதில் தவறில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்