திரையில் பார்த்த காவலரும் வாசலில் நின்ற காவலரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கதவை இரண்டு காவலர்கள் தட்டினார்கள். மோசடி பற்றிய துண்டறிக்கை கொடுக்கத்தான் வந்திருந்தனர். என் அம்மாவோ கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "நாங்கள் என்ன தவறு செய்தோம் தம்பி?" என்று நடுங்கினார்.

அவர் அன்றாடம் பார்ப்பவை தமிழ்ப் படங்களும் தொடர்களும்தான். அவற்றில் வரும் காவலர் ஒன்று அறைவார், இல்லையேல் சுட்டுத் தள்ளுவார். தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர்களுக்கு உலகமே ஆபத்தானதாகத் தோன்றும் என்று ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970களிலேயே எழுதினார். இதே தோ பாயோவில்தான் 1983இல், குடியிருப்புகளுக்கு நடுவே மக்களோடு பழகும் சிறு காவல் சாவடிகளான ஜப்பானின் கோபான் முறையைப் பின்பற்றி, சிங்கப்பூரின் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடி திறக்கப்பட்டது. அம்மாவுக்கு அது நினைவில் இல்லை. திரையில் விழுந்த அறைகள் நினைவிருக்கின்றன.

போலிக் காவலர்களுக்கு இந்தப் பயமே மூலதனம். காணொளி அழைப்பில் சீருடையோடு தோன்றி, கைது செய்வோம் என்று மிரட்டினால், பயந்தே பழகியவர் எதிர்க்கேள்வி கேட்பாரா? சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார். உண்மையான காவலர் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லவே மாட்டார் என்பதை, தொடர்கள் ஓடும் மாலை நேரத்திலேயே நம் தமிழ் ஊடகங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சந்தேகம் எழுந்தால் மோசடி தொடர்பான உதவி எண்ணான 1799ஐ அழைக்கலாம். அம்மாவின் கைப்பேசியில் அந்த எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறேன்.

— தோ பாயோ வாசகி