அட்டையில் இருந்தவர் கூண்டில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கணவனை வீட்டில் வைத்துக்கொண்டே தனித்தாய் என்று எழுதிக் கொடுத்து பெனிபிட் (அரசு உதவிப்பணம்) வாங்கும் பெண்களால் லண்டன் தமிழருக்கே தலைகுனிவு என்று சென்ற வார இதழில் ஒரு வாசகர் பொரிந்து தள்ளியிருந்தார். மேற்கு லண்டனில் நகரசபை ஒன்றின் வாடகை உதவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிச் சமூக நிலையத்தில் வயதானவர்களுக்கும் ஆங்கிலம் ஓடாதவர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். பொய் எழுதிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது களவுதான். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஓர் ஆண் விழமாட்டார். இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்தால்தானே இந்தக் குற்றமே உண்டாகும்? மற்றவர் எங்கே போனார்?

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவரிடையே உலவும் கதைகள் அப்படி. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தங்காவிட்டால் பிரச்சினை இல்லை என்பது ஒன்று. இரவுகளை எண்ணும் விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. கோயிலில் தாலி மட்டும்தான் கட்டினோம், எழுத்து (திருமணப் பதிவு) நடக்கவில்லை, ஆகவே சட்டப்படி நான் தனி ஆள் என்பது இன்னொன்று. 2012ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்துக்கு எழுத்து நடந்ததா என்பது முக்கியமில்லை. மணம் முடித்தவர்களைப் போல் சேர்ந்து வாழ்ந்தால் இருவரும் ஜோடி, விண்ணப்பமும் கூட்டு விண்ணப்பம். மூன்றாவது கதைதான் ஆபத்தானது: கணவருடைய விலாசத்தைத் தம்பி வீட்டுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரி. சரியாவது எங்கே! தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னால் சொல்வதற்கு இருந்த ஒரே வழியையும் அந்த விலாச மாற்றம் அடைத்துவிடும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், காசு. 2025 ஏப்ரல் கணக்கின்படி 25 வயதும் அதற்கு மேலும் உள்ள தனி ஆளுக்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான மாதாந்த உதவிப்பணத்தின் அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண், ஜோடிக்கு 628.10 பவுண் என்று இருந்தது. இதைப் பார்த்து ஜோடிக்குத்தானே கூடத் தருகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஜோடி என்று ஆனதும் கணவருடைய சம்பளமும் கணக்குக்குள்ளே வரும். விலக்குத் தொகை இருந்தால் அதைக் கழித்து, மிச்சச் சம்பளத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டுவார்கள். இருவருடைய சேமிப்பும் சேர்ந்து 16,000 பவுணைத் தாண்டினால் எதுவுமே இல்லை. மாதத்தில் சில நூறு பவுண்தான் கூட வந்திருக்கும். வாடகை உதவியும் சேர்ந்து நாலைந்து வருடம் ஓடினால் அது ஐந்து இலக்கக் கடனாகி நிற்கும்.

சேர்ந்து வாழ்கிறார்களா என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? ஒரே குடித்தனமா, எவ்வளவு காலமாக, காசு ஒரே பையிலா, பிள்ளைகள் யாருடையவர்கள், தாம்பத்திய உறவு உண்டா, வெளியே எப்படித் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள் என்று சில அடையாளங்கள் உண்டு. ஒன்று இருந்தால் முடிந்தது என்றோ, ஒன்று இல்லாவிட்டால் தப்பினோம் என்றோ இல்லை. 1980களின் தொடக்கத்தில் நீதிபதி வூல்ஃப் தீர்த்த வழக்கு ஒன்றில், விபத்தில் அடிபட்ட பெண்ணுக்கு ஒத்தாசையாக ஓர் ஆண் நண்பர் அவர் வீட்டில் வந்து தங்கினார். ஒரே கூரையின் கீழ் இருப்பது மட்டும் போதாது, ஏன் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர்கள் கணவன் மனைவி போல் வாழவில்லை என்று தீர்த்தார். வூல்ஃப் பின்னாளில் இங்கிலாந்தின் பிரதம நீதியரசரானவர். சட்டப்படி மணமாகிப் பிரிந்தவர்களுக்கு அளவுகோல் வேறு: ஒரே குடித்தனத்தில் இருக்கிறார்களா என்பதுதான் அங்கே கேள்வி. வாடகை கட்ட முடியாமல் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்து இருப்பவர்களும் உண்மையிலேயே பிரிந்தவர்களாக இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டி வந்தால் நாக்குத் தள்ளிவிடும்.

ஒரு பெண்ணின் விடயத்தைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் பகுதிநேர வேலை. கணவர் சண்டை பிடித்துக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போய்விட்டார், அந்தப் பெண் தனியாள் என்று விண்ணப்பித்தார். அன்றைக்கு அது முழு உண்மை. பிறகு கணவர் சனிக்கிழமைகளில் அரிசி மூட்டையோடு வரத் தொடங்கினார். குளிர்காலத்தில் சோபாவில் படுத்தார். தமையன் மனைவியோடு அவருக்குச் சரிவராமல் போனதும் உடுப்புப் பெட்டியோடு வந்து முன் அறையில் குடியேறிவிட்டார். சம்பளக் காசு யாழ்ப்பாணத்தில் கட்டும் வீட்டுக்குப் போனது. இங்கே மூன்று நேரமும் சாப்பாடு மனைவியின் பெனிபிட்டில். பெட்டி வந்து இறங்கிய அன்றே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்கத்தான் செய்தார். “வாயைத் திறந்தால் காசு நின்றுவிடும்” என்றாராம் கணவர்.

விசாரணைக்கு அழைத்த கடிதம் வந்தபோது அதிகாரிகள் பக்கம் கடதாசிக் கட்டு தயாராக இருந்தது. அவருடைய காருக்கான காப்புறுதி இந்த வீட்டு விலாசத்தில். வங்கிக் கடிதமும் இதே விலாசத்தில். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அவசரத் தொடர்புக்கு அவருடைய பெயர். எல்லாவற்றுக்கும் மேலே மூத்தவளின் சாமத்தியவீட்டு (பூப்புனித நீராட்டு விழா) அழைப்பிதழ்: தங்க எழுத்தில் இருவர் பெயரும், ‘தம்பதியினரின் செல்வப் புதல்வி’ என்று. அந்த விழா நடந்தது அவர் திரும்பி வருவதற்கு முன்பு, அவர்கள் மெய்யாகவே பிரிந்திருந்த காலத்தில். நம்மவரில் யார் பிரிந்த கணவனின் பெயரை அட்டையில் போடாமல் விட்டிருக்கிறார்கள்? போடாவிட்டால் மண்டபம் முழுக்க அதுதானே பேச்சு. மானத்துக்கு அடித்த அட்டை, விசாரணை அதிகாரியின் மேசையில் ஊரறிந்த கணவன் மனைவி என்பதற்குச் சாட்சியாகக் கிடந்தது. அந்த அட்டையால் குற்றக்காலம் பின்னோக்கி நீண்டது, தொகையும் ஏறியது. இதை எடுத்துச் சொல்ல அந்தப் பெண்ணோடு சொலிசிட்டர் (வழக்கறிஞர்) யாரும் போகவில்லை; மொழிபெயர்க்கிறேன் என்று ஒரு சொந்தக்காரர் போயிருந்தார். எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

கடிதம் வந்த கிழமையே கணவர் மறுபடியும் தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். கோர்ட்டுக்கு அவர் வரவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. மனைவிக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. குற்றப்பதிவு காரணமாகப் பள்ளிக்கூட வேலையும் போனது. கடன் மாதாமாதம் வெட்டுப்படுகிறது. யாழ்ப்பாணத்து வீட்டுக்கு மேல்மாடி போட்டாகிவிட்டது என்று கேள்வி.

வாசகர் அறிய வேண்டியது, சட்டத்தில் அந்தக் கணவருக்கும் இடம் இருக்கிறது என்பதுதான். 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தில் 111ஏ என்ற பிரிவு நேர்மையற்ற முறையில் உதவிப்பணம் பெறுவதைப் பற்றியது. உச்சத் தண்டனை ஏழு வருடம். நிலைமை மாறியதை மற்றொருவர் அறிவிக்காமல் இருக்கும்படி நேர்மையற்ற விதத்தில் செய்பவரும், அதற்கு இடம் கொடுப்பவரும் குற்றவாளியே என்று 2001இல் அதில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். “வாயைத் திறக்காதே” என்று சொன்ன மனிதருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. என் வேலைக்காலத்தில் அதை எந்த ஆணுக்கும் மாட்டி நான் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது, வங்கிக் கணக்கும் அந்தப் பெண்ணுடையது, ஆகவே வழக்கும் அந்தப் பெண்மேல். அரச தரப்புக்கு அதுதான் சுலபம்.

கணவன் கட்டாயப்படுத்தினான் என்று மனைவி சொல்வதற்கு இந்த நாட்டில் தனியாக ஒரு பழைய எதிர்வாதம் இருந்தது. 2014இல் அதை எடுத்துவிட்டார்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று மிரட்டப்பட்டதைக் காட்டினால்தான் இப்போது பலன். 2015இல் துணையை அடக்கி ஆள்வதைத் தனிக் குற்றமாக்கினார்கள், அது நல்ல காரியம். ஆனால் வங்கி அட்டையையே கணவனிடம் கொடுத்துவிட்டு இருக்கும் பெண், பெனிபிட் விசாரணை அறையில் அதைத் தானாக வாய்திறந்து சொல்வாரா? வெட்கம் விடாது.

ஆகவே சில விடயங்கள், நேராகவே சொல்கிறேன். ஆள் வந்து குடியேறினால் உடனே அறிவியுங்கள். சந்தேகமாக இருந்தால் நடந்ததை நடந்தபடி எழுதி, இது ஜோடியா இல்லையா என்று அவர்களிடமே கேளுங்கள். குற்றவியல் எச்சரிக்கையோடு நடத்தும் விசாரணைக்குக் கடிதம் வந்தால் சொலிசிட்டர் இல்லாமல் போகாதீர்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. ஆனால் அன்று சொல்லாமல் விட்டதைப் பின்னால் கோர்ட்டில் பிடித்துக்கொண்டால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம், அதனால்தான் சட்டம் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும் என்கிறேன். கூட்டாக விண்ணப்பித்திருந்தால் சட்டப்படி எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற கணக்கையும் அவரிடம் போடச் சொல்லுங்கள்; குடும்பத்தில் வருமானம் குறைவென்றால் உண்மையான நட்டம் கடிதத்தில் உள்ள தொகையைவிடச் சிறியதாக இருக்கும். வழக்குக்குப் பதிலாக அபராதம் என்று கேட்டால், அது கூட வாங்கிய தொகையில் பாதி, குறைந்தது 350 பவுண், கூடியது 5,000. கடன் அதற்குள் அடங்காது, அது வேறு. கவுன்சில் வரியில் (நகரசபைக்குக் கட்டும் வீட்டு வரி) 25 சதவீதத் தனியாள் சலுகை வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே ஜோடியா என்ற கேள்வியே இல்லை, கணக்கில் வரும் வயதுவந்த இன்னொருவர் வசித்தால் சலுகை போய்விடும், அவர் உங்கள் மச்சானாக இருந்தாலும்.

என் சனிக்கிழமை மேசைக்கு மனைவியோடு கூட வருகிற ஆண்கள் வழக்கமாகக் கதவோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போதெல்லாம் அவர்களைத்தான் முதலில் உட்காரச் சொல்கிறேன். அந்த 2001ஆம் ஆண்டு உட்பிரிவைத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். சிலர் இருந்து முழுவதையும் கேட்டு, மனைவியோடு சேர்ந்து கூட்டு விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். சிலருக்குக் கார் நிறுத்திய நேரம் முடிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகரசபை ஊழியர்,
ஹரோ, லண்டன்