வன்னி வெயிலுக்கு ருபாப் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன், கனடாச் சொந்தங்கள் ருபாப் (புளிப்பான சிவப்புக் காம்பை ஜாம் காய்ச்சும் குளிர்நாட்டுச் செடி) விதை அனுப்பினால் வன்னியில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதை முளைக்கும், ஏமாற்றமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. மார்கழிக் குளிர்ச்சியில் நாலைந்து இலை விடும். பங்குனி வெயில் ஏறியதும் காம்பு ஈர்க்குப்போல் மெலிந்து, இலை விளிம்பு கருகும். இதன் கிழங்கு வருடத்தில் சில வாரமாவது 5 பாகை செல்சியஸ் அளவு குளிரில் உறங்கவேண்டும். கிளிநொச்சியில் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவதே அரிது. நுவரெலியாவை உதாரணம் காட்டவேண்டாம், அது 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. வாடுகிறதென்று தண்ணீரைக் கூட்டினால் களிமண்ணில் கிழங்கின் தலை கபிலமாகிக் கூழாகும். காம்பைப் பிடித்தால் கையோடு வரும்.

உண்பது காம்பு மட்டுமே. இலை நஞ்சு, ஒட்சாலிக் அமிலம் மிகுந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவில் அதைக் கீரையாகச் சமைக்கச் சொல்லி, உண்டவர்களுக்கு நஞ்சேறியது. எந்த இலையையும் சுண்டிப் பார்க்கும் நமக்கு இது முக்கியம். காம்பிலும் அந்த அமிலம் ஓரளவு உண்டு. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதால், அவர்கள் காம்பையும் தவிர்ப்பதே நல்லது.

நாட்டு மருந்துக்கடையில் பேதி மருந்தாக விற்கும் இரேவற்சின்னி, ருபாப்பின் குடும்பத்து இமயமலை, சீன இனங்களின் காய்ந்த வேர். பாரசீக 'ரேவந்த் சீனி'தான் தமிழில் அப்படியானது. கடித்தால் பல்லில் மணல்போல் நறநறக்கும், எச்சில் மஞ்சளாகும். 'இரேவற்சின்னிப்பால்' என்பது முற்றிலும் வேறு: கொறுக்காய்க்கு உறவான மரத்தின் பிசின். கண்ணாடிபோல் உடையும், ஈரவிரலால் தேய்த்தால் பளீர் மஞ்சளாய்க் கரையும். அது கடும் பேதி மருந்து. பெயரில் ஒரு 'பால்' கூடினதற்கு வயிறு பதில் சொல்லவேண்டி வரும்.

இரேவற்சின்னி வேரிலும் கவனம் தேவை. முதலில் பேதியாகும், பிறகு அதிலுள்ள துவர்ப்பு மலத்தைக் கட்டும். "இன்னும் போகவில்லையே" என்று இரண்டாந்தரம் குடிப்பது பிழை. சிறுநீர் மஞ்சளாகவோ சிவப்பாகவோ போனால் காமாலை என்று பதறவும் வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடக்கூடாது.

அந்தச் சிவப்பு ஜாமும் புளிப்பும்தான் வேண்டுமென்றால் சிவப்புப் புளிச்சை போதும். ஆடியில் மூன்றடி இடைவெளியில் விதைத்து, தண்ணீர் தேங்காமல் பார்த்தால் பகல் குறுகும் காலத்தில் பூக்கும். பூ உதிர்ந்து மூன்று கிழமைக்குள், பூவின் அடியிலுள்ள சிவந்த புல்லிவட்டம் நாராகுமுன் பறித்து, நடுவிலுள்ள விதைக்காயைத் தள்ளிவிட்டுக் காய்ச்சவேண்டும்.

மூலிகைத் தோட்டக்காரர்,
மாங்குளம்