ஸ்பெஷல் எஜுகேஷன் கிளாஸை நேர்ல பாக்கறது பத்தி

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பையன் கிளாஸ்ல ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன், ஐஇபில (அவனுக்குன்னே ஸ்கூல் எழுதித் தர்ற தனி படிப்புத் திட்டம்) எழுதின பட அட்டையெல்லாம் ஷெல்ஃப் மேலயே கெடக்கு, அவன் பாட்டுக்கு ஜன்னலையே பாத்துட்டு இருக்கான், ரிப்போர்ட்ல மட்டும் நல்லா பண்றான்னு வருது. மனசே ஆறல.

மாசசூசெட்ஸ்ல 2008 சட்டப்படி நாமளோ நாம அனுப்புற எக்ஸ்பர்ட்டோ கிளாஸை பாக்கலாம், பிள்ளைங்க பாதுகாப்பு, பிரைவசி மாதிரி காரணம் இருந்தாதான் ஸ்கூல் கட்டுப்பாடு போட முடியும். ஃபெடரல் சட்டத்துல இது நேரடியா இல்ல, வேற ஸ்டேட்ல இருக்கறவங்க அங்க செக் பண்ணிக்கோங்க.

அக்டோபர் 18 சனிக்கிழமை நைட் 8 மணிக்கு ஜூம்ல பேசலாம்.

1. ஸ்கூல்ல ஈமெயில்லயே கேளுங்க, வாயால கேட்டா ரெக்கார்டு இருக்காது
2. ஐஇபி காப்பி கையோட வச்சுக்கோங்க
3. மத்த குழந்தைங்க பேரை இங்க போடாதீங்க ப்ளீஸ்

வர்றவங்க வியாழனுக்குள்ள சொல்லிடுங்க.