கண்ணு, பயத்துல அப்ளிகேஷன் போடாத

கண்ணு,

நேத்து ராத்திரி போன்ல நீ "அடுத்து என்ன பண்றதுன்னே தெரியலம்மா, பேசாம ஒரு மாஸ்டர்ஸ் சேந்துடவா"ன்னு கேட்டப்போ நான் சரியா பதில் சொல்லல. போன வச்சதுக்கப்புறம் தூக்கமே வரல. இத பேச ஆரம்பிச்சா பாதில உனக்கு கோவம் வரும் எனக்கு அழுகை வரும், அதான் எழுதுறேன், நிதானமா படி.

மாஸ்டர்ஸே வேணாம்னு சொல்ல வரல. என்ன பண்றதுன்னு தெரியாததால சேர்றதா இருந்தா மட்டும் வேணாம். நான் அப்படித்தான் சேந்தேன். டிகிரி முடிச்ச வருஷம் பாக்குறவங்கல்லாம் அடுத்து என்ன அடுத்து என்னன்னு கேட்டாங்க, அவங்களுக்கு சொல்ல ஒரு பதில் வேணும்னே கிடைச்ச எம்.ஏ.ல போய் உக்காந்தேன், அங்க யார் பாடம் எடுக்குறாங்க, முடிச்சவங்கல்லாம் எங்க போனாங்கன்னு ஒரு ஆள்கிட்ட கூட விசாரிக்கல. எனக்கு பிடிச்ச ஒரே பேப்பரையும் எடுக்க ஆள் இல்லன்னு ரெண்டாவது வருஷம் நிறுத்திட்டாங்க. முடிச்சு வெளிய வந்தப்போ அடுத்து என்னங்குற அதே கேள்வி வாசல்லயே நின்னுச்சு, எனக்கு ரெண்டு வயசு கூடியிருந்துச்சு, அவ்ளோதான். அந்த வருத்தம் உனக்கு வரக்கூடாது.

நீ ஹிஸ்டரி படிச்சத பத்தி பேசும்போதெல்லாம் "எனக்கு ஒன்னும் தெரியாது"ன்னு சொல்ற பாரு, அது எனக்கு தாங்கவே மாட்டேங்குது. தீசிஸ் எழுதுனப்போ தரை பூரா அட்டைய பரப்பி வச்சிருந்தியே, ஒவ்வொரு அட்டையிலயும் மேல யார் எழுதினது எந்த தேதி, கீழ சிவப்பு மையில "இத ஏன் நம்பணும்"னு ஒரு வரி. ஒரு நாள் ராத்திரி என்னை எழுப்பி ரெண்டு அட்டைய காட்டுன. பாரிஸ்ல இருந்து போன கடிதத்துல மார்ச் 31ன்னு தேதி, அதுக்கு லண்டன்ல இருந்து வந்த பதில்ல மார்ச் 25. கேள்விக்கு முன்னாடியே பதில் எப்படிம்மா வரும்னு கேட்டுட்டு நீயே சொன்ன, பிரான்ஸ் 1582லயே புது காலண்டருக்கு மாறிடுச்சு, இங்கிலாந்து 1752ல தான் மாறுச்சு, அதுக்கு கொஞ்சம் முன்னாடி எழுதின கடிதம்ங்குறதால லண்டன் தேதி பதினோரு நாள் பின்னாடி இருக்குன்னு. எத்தனையோ பேர் அது யாரோ தேதிய தப்பா எழுதிட்டாங்கன்னு தாண்டி போயிருப்பாங்க, நீ போகல. இதுக்கு சம்பளம் குடுக்குற வேலை இருக்கு கண்ணு, நிறையவே இருக்கு, என்ன, "ஹிஸ்டரி படிச்சவங்க தேவை"ன்னு விளம்பரத்துல எழுத மாட்டாங்க.

பத்திரிகையில வர்ற ஒவ்வொரு தகவலையும் சரிபாக்குறவங்க பண்றது அதே அட்டை வேலைதான். ஆர்கைவ்ஸ்ல பழைய ஆவணத்த வகைப்படுத்துறவங்களும் அப்படித்தான், அதுக்கு லைப்ரரி சயின்ஸோ ஆர்கைவ் படிப்போ கேப்பாங்க, அங்க மாஸ்டர்ஸுக்கு நெஜமாவே அர்த்தம் இருக்கு ஏன்னா அதுதான் உள்ள போற கதவு. கம்பெனிங்கள்ல யூஎக்ஸ் ரிசர்ச்சர்னு ஒரு வேலை, ஒரு ஆப்ப யூஸ் பண்றவங்கள கூப்பிட்டு உக்கார வச்சு பேசி அவங்க சொல்றதுக்கும் செய்றதுக்கும் உள்ள வித்தியாசத்த கண்டுபிடிக்கணும், அதுக்கு பெரும்பாலும் டிகிரிய விட நீ செஞ்சு வச்சிருக்குற ரெண்டு மூணு ஆய்வத்தான் பாப்பாங்க. சட்டமும் இருக்கு. அமெரிக்காவுல எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் லா ஸ்கூலுக்கு அப்ளை பண்ணலாம், இங்கிலாந்துல 2021ல இருந்து எஸ்க்யூஈன்னு பரீட்சை வச்சிருக்காங்க, வேற பாடத்துல டிகிரி வாங்குனவங்களும் அத எழுதி ரெண்டு வருஷ வேலை அனுபவமும் காட்டுனா சொலிசிட்டர், அதாவது அங்க ஒரு வகை வக்கீல், ஆகலாம். டீச்சர் வேலை உனக்கு பிடிக்காதுன்னு நீயே சொல்லிட்ட, அத விடு.

பிஎச்டி பத்தி மட்டும் கொஞ்சம் கறாரா பேசுறேன். அமெரிக்காவுல பல இடத்துல மாஸ்டர்ஸ் இல்லாமலே நேரா சேரலாம், நல்ல டிபார்ட்மென்ட்டா இருந்தா ஃபீஸும் இருக்காது, கிளாஸ் எடுக்க வச்சு உதவித்தொகையும் குடுப்பாங்க. ஆனா அது அஞ்சாறு வருஷம், சில பேருக்கு அதுக்கு மேலயும் இழுக்கும், முடிக்குறவங்க அத்தனை பேருக்கும் நிரந்தர ப்ரொஃபசர் வேலை கிடையாது. அந்த வேலை கிடைக்கலன்னாலும் இந்த ஆறு வருஷம் எனக்கு வேணும்னு உனக்கு தோணுனா போ, நான் கூட நிக்குறேன். உதவித்தொகை இல்லாம கடன் வாங்கி ஹிஸ்டரி பிஎச்டி மட்டும் பண்ணாத, இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

இன்னொன்னு, ஹிஸ்டரி மாதிரி பாடத்தயெல்லாம் இப்போ லிபரல் ஆர்ட்ஸ்னு சொல்றாங்கல்ல, பழைய காலத்து ஐரோப்பாவுல அப்படி சொன்னது ஏழு பாடம். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலைன்னு மூணு, மீதி நாலு கணக்கு, ஜியோமெட்ரி, இசை, வானியல். பாதிக்கு மேல எண்ணு சம்பந்தப்பட்டதுதான். கணக்குன்னாலே நீ ஒதுங்கிப்போற, அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லன்னு நினைக்குற, ஆனா அதுவும் உன் வீட்டு சொத்துதான். ஆறு மாசம் ஒதுக்கி அடிப்படை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கத்துக்கோ, முடிஞ்சா டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்குற எஸ்க்யூஎல்லும். அரசாங்க கொள்கைய அலசுற பாலிசி வேலை, ஆய்வு வேலை எதுக்கு போனாலும் அட்டை அடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு எண்ணும் படிக்கத் தெரிஞ்சா அவங்க உன்ன விட மாட்டாங்க.

பாதை மாறுனா படிச்சது வீணாப்போச்சுன்னு அழுதியே, அதுக்காக ஒருத்தர பத்தி சொல்றேன். ஹரால்ட் வார்மஸ்னு ஒரு டாக்டர், கேன்சர் ஆராய்ச்சிக்காக 1989ல நோபல் வாங்குனவர். அவர் ஹார்வர்டுல இங்கிலீஷ் இலக்கியம் எம்.ஏ. முடிச்சுட்டு தான் மருத்துவம் படிக்கவே போனார். உன்னை நோபல் வாங்க சொல்லல, இருபத்திரெண்டு வயசுல எல்லாம் முடிவாயிடுச்சுன்னு நினைக்காதன்னு சொல்றேன்.

இந்த மாசம் எங்கயும் ஃபீஸ் கட்டாத. மேல சொன்ன வேலைல இருக்குற நாலு பேர தேடிப்பிடிச்சு, உங்க செவ்வாய்க்கிழமை காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் எப்படி போகும்னு மட்டும் கேளு. வேலை குடுங்கன்னு கேக்காத, அந்த நாள் உனக்கு ஒத்து வருமான்னு பாரு. எந்த கோர்ஸ் பாத்தாலும் போன ரெண்டு மூணு பேட்ச் பசங்க இப்போ எங்க இருக்காங்கன்னு டிபார்ட்மென்ட்டுக்கு மெயில் போடு, மழுப்புனாங்கன்னா அந்த இடத்த விட்டுடு. உன் தீசிஸ் கைட் மேடத்துக்கு மட்டும் இப்பவே எழுதிடு, ரெகமண்டேஷன் லெட்டர் கடைசி வாரத்துல கேட்டா அவங்களுக்கும் கஷ்டம், லெட்டரும் நல்லா வராது.

அப்புறம் ஏன் இந்த படிப்பு வேணும்னு அப்ளிகேஷனோட எழுதி குடுக்குற அந்த ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், "சின்ன வயசுல இருந்தே எனக்கு வரலாறு மேல ஆர்வம்"னு ஆரம்பிச்சிருந்தியே, அந்த முதல் பத்திய அப்படியே எடுத்துடு. மார்ச் 31க்கு மார்ச் 25ல பதில் வந்த கதையில இருந்து ஆரம்பி. எழுதி எனக்கு அனுப்பு, நான் ஹிஸ்டரி படிச்சவ இல்ல, எனக்கு எங்க புரியலயோ அங்க கோடு போட்டு அனுப்புறேன்.

அம்மா