ஆப்பரேட்டர் மாமாவுக்கு, ‘ஆண் பாவம்’ டிவிடி பற்றி

அன்புள்ள மாமா,

‘ஆண் பாவம்’ டிவிடி ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. டவுன்ஹால் ரோட்டில் பழைய சிடிக்களைக் குவித்துப் போட்டு விற்கிற கடையில் எடுத்தேன். ஒரே டிஸ்கில் மூன்று படம், இது நடுவில். மூலையில் கம்பெனி முத்திரை கடைசி வரைக்கும் நிற்கிறது. ‘காதல் கசக்குதய்யா’ பாட்டை வெட்டவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

உங்களுக்கு எழுதக் காரணம், நீங்கள் உசிலம்பட்டிப் பக்கம் புரொஜக்டர் ஓட்டிய ஆள். இந்த டிஸ்கை நெகட்டிவிலிருந்து, அதாவது கேமராவில் ஓடிய மூலச் சுருளிலிருந்து எடுக்கவில்லை. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். ரீல் முடியப் போகும்போது வலது மூலையில் வருமே வட்டப் புள்ளி, அதுகூட அப்படியே தெரிகிறது. புள்ளி வந்ததும் மழை மாதிரி கோடு கோடாகக் கீறல், அப்புறம் படம் ஒரு தாவல்.

சண்டைப் படத்தில் இப்படித் தாவினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். காமெடிக்கு அது ஆகாது. விநாடிக்கு 24 ஃபிரேம். அறுந்த இடத்தை ஒட்டும்போது ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று போய்விடும். அதே இடம் பத்துத் தடவை அறுந்தால் ஒரு விநாடி காலி. வி.கே.ராமசாமி ஒன்றைச் சொல்லிவிட்டு எதிராளியை ஒரு பார்வை பார்ப்பார் இல்லையா, சிரிப்பு மொத்தமும் அந்த விநாடியில்தான் இருக்கிறது. இதில் ஓரிடத்தில் அவர் வாயை மூடும் முன்பே அடுத்த ஆள் பேசிவிடுகிறார். வசனம் பிழைத்தது, சிரிப்பு செத்துப்போனது.

அப்படியும் படம் நிற்கிறது என்பதுதான் ஆச்சரியம். 1985 கடைசியில் வந்தது, பாண்டியராஜன் இயக்கிய இரண்டாவது படம், அப்போது அவருக்கு 26 வயது. ஊரில் தியேட்டர் திறக்கும் அப்பா, இரண்டு பையன்கள், பெண் பார்க்கப் போய் வீடு மாறிப்போகும் அண்ணன். சரக்கு இவ்வளவுதான். அண்ணனாக வரும் பாண்டியன் நம்ம மதுரைக்காரர். மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வளையல் விற்றுக்கொண்டிருந்தவரைத்தான் பாரதிராஜா ‘மண் வாசனை’க்குக் கூட்டிப் போனார். 2008இல் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். பிற்பாதியில் சோகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பிழிகிறார்கள், அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

ஆனால் அந்தப் பாட்டி! கொல்லங்குடி கருப்பாயி. வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சிவகங்கைச் சீமைக்காரர், முதல் படமே இதுதான். கேமரா இருப்பதையே சட்டை செய்யாமல் பேசுகிறார். பழகிய நடிகர்கள் சிரிப்புக்காக இடைவெளி விட்டுக் காத்திருப்பார்கள். இவர் காத்திருப்பதே இல்லை. அதனால் எந்த ஒட்டும் இவர் வசனத்தைக் கெடுக்க முடியவில்லை. பாட வாயெடுத்தால் மழைக்கோடு, கரகரப்பு எல்லாம் மறந்தே போகிறது. காளையார்கோவில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் கேட்கிற அதே குரல்.

நெகட்டிவ் எங்காவது நல்லபடியாக இருந்தால், யாராவது அதைச் சுத்தம் செய்து, ஒரு டிஸ்கில் ஒரே படமாகப் போட்டால், சொன்ன விலை கொடுத்து வாங்குவேன்.

அத்தையிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சந்தேகம்: ரீல் கடைசி கந்தலாகி வந்தால் நீங்கள் ஒட்டி ஓட்டுவீர்களா, இல்லை ரெண்டடி சேர்த்தே வெட்டி எறிந்துவிடுவீர்களா? உண்மையைச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்